ஜப்பானியக் கிராமங்களிலிருந்து நேரடித் தேயிலைக் கொள்முதல்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



விளைபொருளை இடைத்தரகர் இல்லாமல் நேராக விற்க வேண்டும், நேராக வாங்க வேண்டும் என்ற பேச்சு இம்முகாமில் இரண்டு நாட்களாக நடந்து வருகிறது. நெல், மஞ்சள், தேங்காய் ஆகியவை பற்றிப் பேசியவர்கள் எங்களைவிட விஷயம் தெரிந்தவர்கள். நாங்கள் அறிந்தது வேறொரு நாட்டுச் சரக்கு. ஜப்பானியக் கிராமங்களில் விளையும் மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை விவசாயிகளிடமிருந்தும் அவர்களுடைய கூட்டுறவு ஆலைகளிலிருந்தும் வாங்கி, மொத்த வியாபாரிகளுக்குச் சேர்ப்பிக்கும் தொழிலில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறோம். அங்கே நேரடிக் கொள்முதல் எவ்வாறு நடைபெறுகிறது, எந்த இடத்தில் அது இடறுகிறது என்பதைக் கூறுமாறு முகாம் அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். இடறியவர்களில் நாங்களும் சேர்த்தி. ஆகவே கூறுவதற்குச் சிறிது தகுதி உண்டு என்று எண்ணுகிறோம்.

மாட்சா புதிய பொருளன்று. 1191-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பிய ஈசாய் என்னும் பௌத்தத் துறவி, தேயிலைத் தூளை வெந்நீரில் கலக்கிப் பருகும் பழக்கத்தை ஜப்பானில் பரவச் செய்தார். சீனத்தில் அப்பழக்கம் பிற்காலத்தில் மறைந்தது. ஜப்பானில் அது நிலைபெற்று, பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்பவரின் காலத்தில் தேநீர்ச் சடங்காக முழு வடிவம் அடைந்தது. இந்நாளில் அத்தூளில் பெரும்பகுதி சடங்குக்குச் செல்வதில்லை. பாலிலும் ஐஸ்கிரீமிலும் இனிப்புப் பண்டங்களிலும் கலக்கிறது. உலகெங்கும் கிராக்கி எழுந்ததற்கு இதுவே காரணம்.

நிற்க. விவசாயிகளாகிய தங்களுக்கு வயலைப் பற்றிக் கூறுவதே பொருத்தம்.

சாதாரணத் தேயிலைச் செடியும் மாட்சாவுக்குரிய செடியும் ஒரே இனத்தவை. வேறுபாடு வளர்க்கும் முறையில்தான் இருக்கிறது. வசந்தத்தில் துளிர் எழும்பும்போது, பறிப்பதற்கு இன்னும் 20 நாட்களோ அதற்கு மேலோ இருக்கையிலேயே தோட்டத்தின்மீது நிழல் பரப்புகிறார்கள். பழைய முறையில், தூண் நட்டு, பந்தலிட்டு, நாணல் தட்டிகளை விரித்து, சில நாட்கள் கழித்து அவற்றின்மேல் வைக்கோலைத் தூவுவார்கள். இன்று பெரும்பாலோர் கறுப்பு நிறச் செயற்கைத் துணியைப் பயன்படுத்துகிறார்கள். கடைசி நாட்களில் வெயிலில் பத்தில் ஒரு பங்குகூட இலைக்கு எட்டாது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிழலின் அருமையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த நிழல் செய்யும் வேலை யாது? தேயிலையில் தியானின் என்ற சத்து ஒன்று உண்டு. வெயில் பட்டால் அது துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். நிழலில் அது மாறாமல் இலையிலேயே தங்குகிறது. சுவை குழைந்து இனிமையடைகிறது. மேலும், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் பற்றிக்கொள்ள இலை தன் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அகன்றும் மெலிந்தும் அடர்பச்சையாக வளர்கிறது. ஆனால் செடி இளைத்துப்போகும். உயர்ந்த ரகத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கையால் பறித்து, மற்ற மாதங்களில் செடியைத் தேறவிடுகிறார்கள். உரமும் மிகுதியாக இட வேண்டும். சாமிதோரி, அசாஹி முதலிய ரகங்கள் இம்முறைக்கு ஏற்றவை. இயந்திரத்தால் அறுவடை செய்யும் தோட்டங்களில் ஒக்குமிதோரி, யாபுகித்தா போன்றவற்றைக் காணலாம்.

பறித்த இலையை அன்றைக்கே ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகு உயரமான வலைக்கூண்டுகளுக்குள் காற்றால் ஊதி மேலே எழுப்புகிறார்கள். ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் உலரத் தொடங்குவதற்கு இந்த ஏற்பாடு. பின்னர், நீண்ட செங்கல் சூளை ஒன்றின் உள்ளே வலைப்பட்டையில் ஊர்ந்து சென்று முழுவதும் காய்கிறது. மற்றப் பச்சைத் தேயிலையைப்போல இதனை உருட்டித் திரிப்பதில்லை. காம்பையும் நரம்பையும் நீக்கியபின் மிஞ்சும் மெல்லிய செதிலுக்கு டென்சா என்று பெயர். டென்சாவை அரைத்தால்தான் மாட்சா. உருட்டிய சாதாரணத் தேயிலையை அரைத்த தூளும் பச்சையாகத்தான் இருக்கும். அதையும் மாட்சா என்று பெயரிட்டு விற்போர் பல நாடுகளில் உண்டு. வாங்குபவர் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, "இது டென்சாவிலிருந்து வந்ததா?" என்பதே.

இப்பொழுது சூளையைக் கவனியுங்கள். அது ஒரு குடும்பம் தனியாகக் கட்டக்கூடியதன்று. நீளமான கட்டடம், எரிபொருள், ஆள், அனுபவம் யாவும் தேவை. ஆண்டில் சில வாரங்களே முழு வேலை நடக்கும். ஆகவே கியோட்டோ மாகாணத்துக் கிராமங்களில் பல விவசாயிகள் சேர்ந்து பொதுச் சூளை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கூறுவதன் நோக்கம் யாதெனில், "விவசாயியிடமிருந்து நேராக வாங்கினோம்" என்று ஒருவர் மார்தட்டும்போது, அந்த விவசாயியின் கையில் இருப்பது பெரும்பாலும் பச்சையிலையோ டென்சாவோதான். தூள் அவரிடம் இருப்பது அபூர்வம்.

தூளாக்கும் வேலை எத்தகையது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். நம் திருகையைப் போன்ற கல்லில்தான் அரைக்கிறார்கள். வேகமாகச் சுழற்றினால் கல் சூடேறி மணம் கெட்டுவிடும். ஆகையால் மெல்லச் சுழற்ற வேண்டும். ஒரு கல் ஒரு மணி நேரத்தில் தருவது ஏறத்தாழ 40 கிராம். ஒரு கிலோவுக்கு 25 மணி நேரம். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடினாலும் ஒரு கல்லிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கிலோ தேறாது. மாதம் 100 கிலோ கேட்கும் ஒரு மொத்த வியாபாரிக்காக நான்கு கற்கள் வேறு வேலையின்றி இரவு பகலாகச் சுழல வேண்டும். நம் ஊரில் அம்மி கொத்துபவர் இருப்பதுபோல், அக்கற்களின் பள்ளங்களைக் கொத்திப் புதுப்பிக்கும் கைத்தொழிலாளரும் வேண்டும்; அவர்களோ நாளுக்கு நாள் அருகி வருகிறார்கள். மலிவுச் சரக்குக்குக் கல்லை விடுத்து வேறு அரைவை இயந்திரங்கள் உண்டு. பால் பானத்துக்கும் பண்டங்களுக்கும் அவை போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். கல்லில் அரைத்ததாகச் சொல்லி இயந்திரத் தூளைக் கல் விலைக்கு விற்பதைத்தான் குறை கூறுகிறோம்.

தேயிலை, வயலிலிருந்து கிண்ணத்துக்கு வரும் வழியில் இடையே நிற்பவர் யார்? ஜப்பானில் அவர்களைத் தோன்யா என்கிறார்கள். மொத்த வியாபார இல்லத்தார் என்று கொள்ளலாம். கியோட்டோவில் விவசாயிகளின் டென்சா பெரும்பாலும் சந்தைக்கு வருகிறது. வாங்குவோர் இலையின் நிறத்தையும் மணத்தையும் பார்த்து, வெந்நீர் ஊற்றிச் சுவைத்து, விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. தோன்யா அதனை வாங்கிக் குளிர்ந்த கிடங்கில் வைக்கிறார். அதுவும் வீணான காலமன்று. பழைய வழக்கப்படி வசந்தத்து இலையை ஜாடியில் அடைத்து, நவம்பரில்தான் முத்திரையை உடைத்துத் திறப்பார்கள். அதற்குள் சுவை பக்குவமடையும். பிறகு ஒரு தோட்டத்து இலையோடு மற்றொரு தோட்டத்து இலையைச் சேர்த்து, ஆண்டுதோறும் ஒரே சுவை வருமாறு கலக்கிறார். மழை மிகுந்த ஆண்டிலும் பனி தாக்கிய ஆண்டிலும் வாடிக்கைக்காரர் வேறுபாட்டை உணராமலிருப்பது இந்தக் கலவையால்தான். அறுவடைக் காலத்தில் விவசாயிக்குக் கையில் பணம். கடைக்காரருக்கோ ஆண்டு முழுவதும் சரக்கு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களின் வட்டியையும் கெட்டுப்போகும் அபாயத்தையும் தோன்யா சுமக்கிறார்.

இத்தொழிலில் நுழைந்தபோது இவர்களை நாங்கள் வெறும் தரகு உண்பவர்கள் என்றுதான் நினைத்தோம். அவர்களை விலக்கிவிட்டால் அந்த லாபத்தில் பாதி விவசாயிக்கும் பாதி வியாபாரிக்கும் சேரும் என்று கணக்குப் போட்டோம். கணக்கில் தவறில்லை. ஆனால் லாபத்தை நீக்கும்போது அவர்கள் செய்துவந்த வேலையும் நீங்கிவிடுகிறது என்பதை எழுத மறந்தோம்.

அதன் பலனை முதல் ஆண்டிலேயே கண்டோம். மலைச்சரிவில் உள்ள ஒரு சிறு பண்ணையிடமிருந்து 100 கிராம் மாதிரி தருவித்தோம். நிறமும் சுவையும் மிக உயர்வாக இருந்தன. உடனே 150 கிலோவுக்கு உத்தரவு அனுப்பினோம். அம்மாதிரியைக் காட்டியே மூன்று வியாபாரிகளிடம் அச்சாரமும் வாங்கினோம். வந்த சரக்கில் முதல் 60 கிலோ மாதிரியைப்போலவே இருந்தது. மீதி மங்கலாகவும் துவர்ப்பாகவும் இருந்தது. வியாபாரிகள் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் சினத்தோடு கடிதம் எழுதினோம். பண்ணைக்காரர் மிகப் பணிவாகப் பதில் அனுப்பினார்: அந்தத் தோட்டத்தில், அந்த நாளில் பறித்த இலையிலிருந்து கிடைத்ததே 60 கிலோதான், நாங்கள் 150 கேட்டதால், தட்டிச் சொல்ல மனமின்றி, அடுத்த தோட்டங்களின் இலையையும் பிந்திய பறிப்பின் இலையையும் சேர்த்து அரைத்துக் கொடுத்தாராம். மாதிரி எந்தக் குவியலைச் சேர்ந்தது, அந்தக் குவியலில் மொத்தம் எத்தனை கிலோ உண்டு என்று கேட்காதது எங்கள் பிழை. ஒரு தோன்யாவாக இருந்தால் இந்த வேறுபட்ட இலைகளை முன்கூட்டியே சுவைத்து, ஒன்றாகக் கலந்து, மாதிரியையும் அந்தக் கலவையிலிருந்தே அனுப்பியிருப்பார்.

நஷ்டம் எங்களுடையது என்று ஏற்றுக்கொண்டோம். அது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அந்தப் பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய மகன் நகரத்தில் வேலை பார்க்கிறார். முதல் வெளிநாட்டு வியாபாரமே வழக்கில் முடிந்தால் அவர் அடுத்த வசந்தத்தில் நிழல் துணி விரித்திருக்க மாட்டார். இன்றும் அவரிடம் 60 கிலோ வாங்குகிறோம். அதற்கு மேல் கேட்பதில்லை.

அங்குள்ள கிராமங்களின் நிலையை இங்கே சிறிது கூற வேண்டும். ஜப்பானில் தேயிலை பயிரிடும் பண்ணைகள் 2000-இல் 53,000-க்கு மேல் இருந்தன. 2020-இல் அவை 12,000-க்குச் சற்றே மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. முதியவர்கள் விலகுகிறார்கள், இளைஞர்கள் வருவதில்லை. ஊஜிக்குத் தென்கிழக்கே வஸுகா போன்ற மலையூர்களில் சரிவெங்கும் தேயிலை வரிசைகள் கண்ணுக்கு அழகாகத் தோன்றும். ஆயினும் செங்குத்தான அத்துண்டு நிலங்களில் பெரிய இயந்திரம் ஏறாது. கைவிட்ட தோட்டங்களில் செடி மரமாக வளர்ந்து நிற்கும். தெற்கே ககோஷிமாவில் நிலைமை வேறு. அங்கே நிலம் சமமானது. ஆள் ஏறி ஓட்டும் அறுவடை இயந்திரங்கள் உண்டு. டென்சா உற்பத்தியில் அம்மாகாணம் கியோட்டோவை முந்திவிட்டது. 2024-இல் மொத்தத் தேயிலை உற்பத்தியிலும் நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்த ஷிஸுவோகாவைத் தாண்டியது.

கிராக்கியோ வேறு திசையில் ஓடுகிறது. நாடு முழுவதும் டென்சா உற்பத்தி 2010-இல் ஏறத்தாழ 1,500 டன்னாக இருந்தது; 2023-இல் 4,000 டன்னைத் தாண்டியது. அப்படியும் போதவில்லை. 2024-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலை இல்லங்கள் சில, ஒருவருக்கு இத்தனை டப்பா என்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. சில ரகங்களின் விற்பனையை நிறுத்தியும் வைத்தன. 2025 வசந்தத்தில் கியோட்டோச் சந்தையில் டென்சாவின் சராசரி விலை கிலோ 8,000 யென்னைக் கடந்தது. நம் பணத்தில் 4,500 ரூபாய்க்கு மேல். முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. இது அரைக்காத இலையின் விலை என்பதை நினைவில் வையுங்கள். காம்பு நீக்குவதில் கழிவு, அரைவை, பொட்டலம், சோதனை, போக்குவரத்து யாவும் இதன்மேல் ஏறும். அதைவிடக் குறைந்த விலையில் "முதற்பறிப்பு ஊஜி மாட்சா" தருவதாக ஒருவர் கூறினால், அவர் எதையோ கூறாமல் விடுகிறார் என்று கொள்ளலாம்.

விலை ஏறியதும் பெட்டியில் பணத்தோடு பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் கிராமங்களுக்கு வந்தார்கள். பழைய வாடிக்கைக்காரர் தரும் விலைக்கு மேல் தருவதாகச் சொல்லி, பழக்கமில்லாத வீடுகளின் கதவைத் தட்டினார்கள். விவசாயிக்கு நல்ல காலந்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஜப்பானிய விவசாய அமைச்சகமும் சாதாரணத் தேயிலையிலிருந்து டென்சாவுக்கு மாற ஊக்கமளிக்கிறது. ஆனால் புதிதாக நட்ட செடியிலிருந்து சரியான அறுவடை கிடைக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். பந்தலுக்கும் சூளைக்கும் கடன் வாங்க வேண்டும். இந்த ஆண்டு இரட்டை விலை தருபவர் ஐந்தாம் ஆண்டில் இருப்பாரா? எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான். அதற்கு எங்களால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. எழுத்தில்தான் சொல்ல முடிந்தது.

அதாவது, மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதினோம். முதற்பறிப்பு இலையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடாமல், கோடையில் வரும் இரண்டாம் பறிப்பையும் எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டோம். அதனைப் பண்டம் செய்வோருக்கு விற்கிறோம். சந்தை விலை இறங்கினாலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிவிலையையும், ஏறினால் இவ்வளவு சேர்த்துத் தர வேண்டும் என்பதையும் குறித்தோம். நிழல் பரப்பும் செலவுக்காக மொத்தத் தொகையில் ஒரு பங்கை ஏப்ரலுக்கு முன்பே அனுப்புகிறோம். இவையெல்லாம் தோன்யா செய்துவந்த வேலையின் சில பகுதிகளே.

அடுத்தபடியாக, பூச்சிமருந்து. தேயிலையில் எஞ்சும் மருந்துக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனி வரம்பு விதித்துள்ளது. ஜப்பானில் அனுமதிக்கப்படும் அளவு ஐரோப்பிய நாடுகளில் பல மருந்துகளுக்குச் செல்லாது. அங்கே சட்டப்படி நல்ல சரக்கு, இங்கே துறைமுகத்தில் தடைப்படும் சரக்கு. ஆகவே இலை எந்த நாட்டுக்குச் செல்லும் என்பதை முதல் மருந்து தெளிப்பதற்கு முன்பே விவசாயி அறிந்திருக்க வேண்டும். அவர் ஒருவர் அறிந்தாலும் போதாது. மலைச்சரிவில் கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மேலண்டைத் தோட்டத்தில் தெளித்த மருந்து காற்றில் கீழண்டைத் தோட்டத்துக்கு வந்துவிடும். இயற்கை எருவால் மட்டும் பயிரிடுவதாகச் சான்று பெற்ற ஒருவர், அண்டை வயலின் துளியால் சான்றை இழக்கக்கூடும். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரில் சரிவு முழுவதும் ஒரே தெளிப்பு அட்டவணையை ஏற்றுக்கொள்ளும்வரை ஏற்றுமதி நடக்கவில்லை. இரு குடும்பங்கள் முதலில் மறுத்தன. பூச்சியால் விளைச்சல் குறைந்தால் யார் ஈடு செய்வது என்று கேட்டன. நியாயமான கேள்வி. பொதுச் சூளைக்கு வரும் வருமானத்திலிருந்து ஈடு தருவதென்று ஊரார் கூடி முடிவு செய்தபின்னரே அவர்கள் இணங்கினார்கள். வெளியிலிருந்து வந்த வியாபாரிகளாகிய நாங்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோமே தவிர, வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

பெயர்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. டப்பாக்களில் "சடங்குத் தரம்", "சமையல் தரம்" என்று அச்சிட்டிருக்கும். ஜப்பானியச் சட்டத்தில் அப்படி ஒரு தரப் பிரிவே கிடையாது. வெளிநாட்டு விற்பனைக்காக எழுந்த சொற்கள் அவை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் மாட்சாவின் இலக்கணத்தைக் கூறும் ஓர் அறிக்கை வெளியிட்டது. அது வழிகாட்டியே அன்றி, மீறினால் தண்டிக்கும் சட்டமன்று. "ஊஜித் தேயிலை" என்பதும் ஊஜி நகரத்தில் மட்டும் விளைந்தது என்று பொருள்படாது. கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணங்களின் இலையைக் கியோட்டோவில் பக்குவப்படுத்தினால் அப்பெயர் செல்லும். ஐச்சி மாகாணத்து நிஷியோவில் நடந்ததும் அறியத்தக்கது. "நிஷியோ மாட்சா" என்ற பெயருக்கு 2017-இல் புவிசார் குறியீடு பெற்றார்கள். பந்தல் நிழல், கல் அரைவை முதலிய கடுமையான விதிகள் அதில் இருந்தன. வாங்குவோரில் பெரும்பாலோர் கேட்டதோ பண்டங்களுக்கான மலிவுத் தூள். 2020-இல் உற்பத்தியாளர்களே கேட்டு அந்தப் பதிவை நீக்கிக்கொண்டனர். குறியீடு கிடைத்தால் விலை தானாக ஏறும் என்று நம்மவர்கள் சிலர் எண்ணுகிறார்கள். நிஷியோவாரைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

சரக்கைக் காப்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூளுக்கு வெளிச்சம், வெப்பம், ஈரம், காற்று நான்கும் பகை. உலோகத்தாள் பையில் காற்றை நீக்கி அடைத்து, குளிர்ந்த கிடங்கில் வைக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்த பையை உடனே பிரித்தால் ஈரம் படிந்து கட்டி தட்டும். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கோடையில் செலவை மிச்சப்படுத்த எண்ணி, குளிர்வசதியில்லாத பெட்டகத்தில் கப்பலேற்றினோம். புல் நிறத்தில் புறப்பட்டது வைக்கோல் நிறத்தில் வந்து சேர்ந்தது. அரைத்த தூளை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதைவிட, டென்சாவாகவே குளிர்கிடங்கில் வைத்து, மாதந்தோறும் வேண்டியதை மட்டும் அரைக்கச் சொல்வது மேல் என்று அதன்பின் கற்றோம்.

இவ்வளவையும் கேட்டபின், யார் நேராக வாங்கலாம் என்ற கேள்வி எழும். எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆண்டுக்குச் சில பத்துக் கிலோ மட்டும் தேவைப்படும் வியாபாரி நேரடிக் கொள்முதலில் இறங்க வேண்டியதில்லை. கியோட்டோவிலோ நிஷியோவிலோ ஒரு சிறிய தோன்யாவை நாடி, எந்த ஊர் இலை, எந்தப் பறிப்பு என்று கேட்டு வாங்குவது அவருக்கும் நலம், விவசாயிக்கும் நலம். பெரிய அளவில் வாங்குவோர், ஒரு தனிப் பண்ணையைவிடப் பொதுச் சூளை வைத்திருக்கும் சங்கத்தோடு உடன்படிக்கை செய்வது தக்கது. சங்கத்திடம் பல தோட்டத்து இலை இருப்பதால் கலவை செய்யலாம். ஒருவர் நோயுற்றாலும் சரக்கு நிற்காது. விலை பேசும்போது முதியவர் ஒருவர் தனியே வெளிநாட்டு வியாபாரிக்கு எதிரில் உட்கார நேராது. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கள் கொள்முதலில் பெரும்பகுதியை இப்படித்தான் மாற்றிக்கொண்டுவிட்டோம். எழுபது வயதுப் பெரியவரின் 60 கிலோ மட்டும் தனியே வருகிறது.

வேலை நடக்கும் முறையையும் கூறி முடிக்கிறோம். ஏப்ரல் கடைசி முதல் மே மாதம் முழுவதும் பறிப்பு நடைபெறும். அப்போது விருந்தினரைக் கவனிக்க அங்கு எவருக்கும் நேரமில்லை, போகக் கூடாது. ஜூனில் ஒவ்வொரு குவியலுக்கும் எண் இட்டு, பறித்த நாள், ரகம், தோட்டம், மொத்த எடை ஆகியவற்றோடு மாதிரிகள் வரும். வெள்ளைக் கிண்ணத்தில் ஒரே அளவு தூள், ஒரே சூடுள்ள நீர் என்று வைத்துச் சுவைத்து, வேண்டிய எண்களைக் குறித்து அனுப்புகிறோம். ஒவ்வொரு மாதிரியிலும் சிறிதளவு எங்களிடமும் சிறிதளவு சங்கத்திடமும் முத்திரையிட்டுக் குளிரில் இருக்கும். பின்னர் வழக்கு வந்தால் அதுவே சாட்சி. சோதனைச்சாலை அறிக்கை வந்தபின் மீதித் தொகை செல்லும். இலையுதிர் காலம் முதல் மாதந்தோறும் அரைத்து அனுப்புவார்கள். அடுத்த ஆண்டுக்கு எத்தனை கிலோ, எந்த நாட்டுக்கு என்ற கடிதம் எங்களிடமிருந்து பிப்ரவரி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஓர் ஆண்டு அது மார்ச் கடைசியில்தான் போயிற்று. அதற்குள், எத்தனை தோட்டங்களுக்கு நிழல் துணி விரிப்பது, எவற்றைச் சாதாரணத் தேயிலைக்கு விட்டுவிடுவது என்று சங்கத்தார் கூடித் தீர்மானித்துவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு நாங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது.